டி.எஸ்.எச். நார்மல் ஆயிடுச்சு, பொண்ணு ஏன் இன்னும் பழையபடி ஆகல?

உங்க கேள்விய நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன். 12 வயசுப் பொண்ணு, போன வருஷம் ஹாஷிமோட்டோ தைராய்டுன்னு (உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கி ஹார்மோனைக் குறைக்கற நோய்) கண்டுபிடிச்சு மாத்திரை ஆரம்பிச்சீங்க, இப்ப டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டற ஹார்மோன், தைராய்டு குறைஞ்சா இது ஏறும்) 2.8க்கு வந்துடுச்சு, டாக்டரும் எல்லாம் நார்மல், இதே டோஸ் போகட்டும்னு சொல்லிட்டார், ஆனா வீட்ல எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா, ரூம் கதவை சாத்திக்கறா, காலாண்டுல கணக்கு மார்க் இறங்கிடுச்சு, முன்னாடி மாதிரி யார்கிட்டயும் பேசறதில்ல. டோஸ் பத்தலையா, வயசுக்கு வர்ற நேரத்துக் கோளாறா, மனநல டாக்டர்கிட்ட போகணுமான்னு மூணு விதமா கேட்டிருக்கீங்க. மூணுக்கும் அடியில இருக்கறது ஒரே கேள்விதான், ரத்தம் சரியானப்புறமும் பிள்ளை ஏன் சரியாகலங்கறது. நான் குழந்தைகள் டாக்டர், ஹார்மோன் பிரச்சனை உள்ள பிள்ளைகளைத்தான் பல வருஷமா பார்த்துட்டு இருக்கேன். இங்க உக்காந்துட்டு உங்க பொண்ணுக்கு இதுதான்னு தீர்ப்பு சொல்ல முடியாது, அதைப் பார்க்கற டாக்டர்தான் சொல்லணும். ஆனா எதெல்லாம் உறுதியா தெரிஞ்ச விஷயம், எதுல இன்னும் குழப்பம் இருக்கு, எந்த வரிசையில பார்க்கணும்னு சொல்ல முடியும்.

முதல்ல உங்க பயம். தைராய்டு குறைஞ்சா மூளை வளர்ச்சி பாதிக்கும்னு எங்கயோ படிச்சுட்டு, ஒரு வருஷம் லேட்டா கண்டுபிடிச்சதால இவளுக்கு மூளை பாதிச்சிடுச்சான்னு கேட்டிருக்கீங்க. அது பிறவியிலேயே தைராய்டு குறைவா இருக்கற குழந்தைகளைப் பத்தின விஷயம். பிறந்ததுலேர்ந்து ரெண்டு மூணு வயசு வரைக்கும் மூளை வளர தைராய்டு ஹார்மோன் கட்டாயம் வேணும், அந்த நேரத்துல இல்லாமப் போனா ஏற்படற பாதிப்பைப் பின்னாடி முழுசா மீட்க முடியாது. அதனாலதான் பிறந்த குழந்தையோட குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து தைராய்டு பார்க்கற பழக்கம் 1970கள்ல கனடாவுல கியூபெக்ல ஆரம்பிச்சு உலகம் முழுக்கப் போச்சு. நம்ம நாட்ல ஏறக்குறைய ஆயிரம் குழந்தைக்கு ஒண்ணுக்கு இது இருக்கு, பிறந்து ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிட்டா பெரும்பாலான பிள்ளைங்க மத்த பிள்ளைங்க மாதிரியே படிச்சு வளருவாங்க. இதைப் படிக்கற யாராவது கர்ப்பமா இருந்தா, பிரசவம் ஆன ஆஸ்பத்திரியிலேயே குழந்தைக்கு தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டு வாங்குங்க, இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன். உங்க பொண்ணு விஷயம் வேற. பத்து பதினோரு வயசுல வர்ற ஹாஷிமோட்டோ அறிவுத்திறனை அழிச்சுடாது. அந்த வயசுல மூளையோட அடிப்படைக் கட்டுமானம் முடிஞ்சிருக்கும், ஹார்மோன் குறைஞ்சா மந்தமாகும், திரும்ப வந்தா எழுந்துக்கும். இது உறுதி, இதை நினைச்சு ராத்திரி தூங்காம இருக்காதீங்க.

இப்ப பல பெற்றோருக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம். தைராய்டு குறைவா இருக்கற பிள்ளை ஸ்கூல்ல மோசமா படிக்கும்னு நாம எதிர்பார்ப்போம், ஆனா நேர்ல பார்த்தா பல பிள்ளைங்க ரொம்ப நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கியிருக்கும். ஓடாது, ஆடாது, சொன்ன இடத்துல உக்காந்து சொன்னதை எழுதும், சாயந்தரம் விளையாடப் போகாம புஸ்தகத்தோட இருக்கும், ஒன்பது மணிக்கே தூங்கிடும். உடம்புல ஓட்டமே இல்லாததால வர்ற அமைதி அது. வளர்த்தி நின்னு போயி, கிளாஸ்ல எல்லாரும் உசரமாகி இது மட்டும் முன் பெஞ்சுக்கு வந்தப்புறம்தான் சந்தேகமே வரும். மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசத்துல அந்தப் பிள்ளை முழிச்சுக்கும், எதிர்த்துப் பேசும், ஒரு இடத்துல உக்காராது, கவனம் சிதறும், மார்க்கும் கொஞ்சம் இறங்கலாம். டொரண்டோவுல ஜோன் ரோவெட்டும் கூட இருந்தவங்களும் 1993லயே இந்த மாதிரிப் பிள்ளைங்களைத் தொடர்ந்து பார்த்து, சிகிச்சைக்கப்புறம் சிலருக்கு படிப்புலயும் நடத்தையிலயும் புதுசா சிக்கல் தெரியுதுன்னு எழுதியிருக்காங்க. மாத்திரை கெடுதல் பண்ணுதுன்னு இதுக்கு அர்த்தம் பண்ணிக்காதீங்க, மாத்திரைய நிறுத்திடவும் கூடாது. வருஷக்கணக்கா மெதுவா ஓடின உடம்புக்கு திடீர்னு வேகம் வந்தா பழக நாள் ஆகும், அதுவரைக்கும் பிள்ளை கொஞ்சம் தடுமாறும். உங்க பொண்ணுக்கு இந்த மாத்தம் முதல் ஆறு மாசத்துல வந்திருந்தா இதுதான்னு நான் நினைப்பேன். ஒரு வருஷம் தாண்டி, அதுவும் போகப் போகக் கூடிட்டே வருதுன்னா இந்த ஒரு காரணத்தை மட்டும் வச்சுட்டு சும்மா இருந்துடக் கூடாது.

டோஸ் விஷயத்துக்கு வருவோம். 2.8 நல்ல அளவுதான். அதை 1.5க்கு இறக்கினா மனசும் தெளிஞ்சுடும்னு பல பேர் சொல்றாங்க, நீங்களும் அப்படி ஒரு வீடியோ பார்த்திருக்கீங்க, அதுக்கு ஆதாரம் இல்ல. நார்மல் அளவுக்குள்ள இருக்கற டி.எஸ்.எச்.சை மேல கீழ நகர்த்தறதால மனநிலை மாறும்னு தெளிவா யாரும் காட்டல. தேவைக்கு மேல டோஸ் ஏத்தினா படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும், நீங்க எதைக் குறைக்க நினைக்கறீங்களோ அதுவே கூடும். ஆனா அந்த 2.8 எப்படி வந்ததுன்னு ஒரு தடவை பாருங்க. டோஸ் மாத்தினா ஆறுலேர்ந்து எட்டு வாரம் கழிச்சு எடுத்த டெஸ்டைத்தான் நம்பலாம். கூடவே ஃப்ரீ டி4 (ரத்தத்துல இருக்கற தைராய்டு ஹார்மோனோட அளவு) எடுத்தாங்களான்னு பாருங்க. சில பிள்ளைங்க மாசக்கணக்கா மாத்திரைய விட்டு விட்டுப் போட்டுட்டு, டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடி அம்மா திட்டறாங்கன்னு ஒழுங்கா போடுவாங்க, அப்ப டி4 நல்லா இருக்கும், டி.எஸ்.எச். மட்டும் உசந்து நிக்கும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை குடுத்திட்டு இருந்தா டெஸ்ட் ரிசல்ட்டே தப்பா வரலாம், ரெண்டு நாள் முன்னாடியே அதை நிறுத்திட்டு ரத்தம் குடுங்க.

மாத்திரை வெறும் வயித்துல தண்ணியோட போட்டு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி, பால், டிபன் எல்லாம். ஸ்கூல் வேன் ஆறரை மணிக்கு வர்ற வீட்ல இது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். காலையில முடியலன்னா ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுக்கப் போறப்ப போடலாம், அதுவும் வேலை செய்யும், எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமா இருக்கட்டும். ஒரு நாள் மறந்தா அன்னிக்கே ஞாபகம் வர்றப்ப போட்டுக்கலாம், இந்த ஹார்மோன் உடம்புல ஒரு வாரம் கிட்ட நிக்கும், ஒரு நாள் விட்டதுக்காக பிள்ளைய உலுக்கி எடுக்க வேண்டாம். இன்னொண்ணு, ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு தடவை நீலக் கலர்ல இரும்புச்சத்து மாத்திரை குடுப்பாங்க. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரைய உறிஞ்ச விடாது, நாலு மணி நேர இடைவெளி வேணும். காலையில தைராய்டு மாத்திரை, மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் இரும்பு மாத்திரைன்னு வச்சுக்கிட்டா ரெண்டும் நடக்கும். இரும்பு மாத்திரைய வேண்டாம்னு நிறுத்திடாதீங்க, ஏன்னா அடுத்து நான் சொல்லப்போறதே ரத்த சோகைதான்.

சோர்வா இருக்கா, மந்தமா இருக்கா, மூட் சரியில்லையா, உடனே தைராய்டுன்னு ஒருதடவை பேர் வச்சப்புறம் அந்த வீட்ல எல்லாமே தைராய்டு கணக்குல போயிடும். 12 வயசுப் பொண்ணுக்கு ஹீமோகுளோபின் குறைவா இருக்கறது நம்ம ஊர்ல சர்வசாதாரணம், பீரியட்ஸ் ஆரம்பிச்சு ரத்தப்போக்கு அதிகமா இருந்தா இன்னும் இறங்கும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச்சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி ஒரு தடவை பார்த்துடுங்க. எடை குறையுது, தண்ணி தாகம் ஜாஸ்தி, அடிக்கடி ஒண்ணுக்குப் போறான்னா அன்னிக்கே சுகர் பாருங்க, தள்ளிப் போடாதீங்க, ஏன்னா ஹாஷிமோட்டோ இருக்கற பிள்ளைங்களுக்கு டைப் 1 சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகம். அப்புறம் தூக்கம். பத்தரை மணி வரைக்கும் டியூஷன் ஹோம்வொர்க், பதினொண்ணரை வரைக்கும் போன், காலையில அஞ்சரைக்கு எழுப்பறோம்னா எந்த ஹார்மோன் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இதெல்லாம் பார்த்தப்புறமும் மிச்சம் இருக்கறதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் பெரிய விஷயம். ஒரு நோய் இருக்குன்னு தெரிஞ்ச பிள்ளை அதை உள்ளுக்குள்ள எப்படிச் சுமக்குதுங்கறது. கிளினிக்ல நான் அடிக்கடி பார்க்கற காட்சிய சொல்றேன். எப்படிம்மா இருக்கேன்னு பொண்ணைக் கேட்பேன், அது வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா ஆரம்பிச்சுடுவாங்க, சரியாவே சாப்பிடறதில்ல டாக்டர், போனை விடறதில்ல டாக்டர்னு. பொண்ணு துப்பட்டா நுனிய முறுக்கிட்டு தரையைப் பார்த்துட்டு இருக்கும். அஞ்சு நிமிஷம் வெளிய இருங்கம்மான்னு சொல்லி நர்ஸை மட்டும் உள்ள வச்சுக்கிட்டு, ஸ்கூல்ல யாரோட உக்காந்து சாப்பிடுவன்னு கேட்டா முதல்ல ஒண்ணும் வராது. அப்புறம் மெதுவா வரும். கழுத்து வீக்கத்தைப் பார்த்து கிளாஸ்ல ஒரு பையன் பட்டப்பேர் வச்சது, அதுக்கப்புறம் தலையைக் குனிஞ்சே நடக்கறது, கல்யாண வீட்ல பெரியம்மா எல்லார் முன்னாடியும் இவளுக்கு தைராய்டாமே, இனிமே உடம்பு வைக்குமே, நாளைக்கு குழந்தை பொறக்குமான்னு கேட்டது, அம்மா அன்னிக்கு ராத்திரி அழுதது இவளுக்குக் கேட்டது. 12 வயசுல தனக்குக் குழந்தை பிறக்குமாங்கற கவலையோட ஒரு பிள்ளை கணக்கு பரீட்சை எழுதிட்டு இருக்கும். இதை எந்த லேப் ரிப்போர்ட்டும் காட்டாது.

அந்தக் கவலைக்கு நேரா பதில் இருக்கு, அவகிட்ட நேராவே சொல்லுங்க. மாத்திரை ஒழுங்கா போட்டு அளவு சரியா இருந்தா பின்னாடி குழந்தை பெத்துக்கறதுல இதனால தடை இல்ல, கர்ப்பமா இருக்கறப்ப டோஸ் ஏத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எடை விஷயமும் சொல்லணும். தைராய்டு குறையறதால கூடற எடை பெரும்பாலும் சில கிலோதான், அதுலயும் நிறைய தண்ணியும் உப்பும்தான். பத்து பதினஞ்சு கிலோ அதிகமா இருக்கற பிள்ளைக்கு தைராய்டு மட்டும் காரணமா இருக்கறது அபூர்வம். எடை கூடின பிள்ளைங்களுக்கு அந்த எடையினாலயே டி.எஸ்.எச். லேசா ஏறும், எடை குறைஞ்சா அதுவும் இறங்கிடும், இதைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு தேவையில்லாம மாத்திரை போட்டுட்டு இருக்கற பிள்ளைங்க நிறைய. தட்டுல சோறு வைக்கறப்ப எல்லாம் உனக்கு தைராய்டு இருக்கு பார்த்து சாப்பிடுன்னு சொல்ற வீட்ல பொண்ணு ஒளிஞ்சு சாப்பிட ஆரம்பிக்கும், இல்லன்னா சாப்பாட்டையே வெறுக்கும். அந்த வார்த்தைய வீட்ல யாரும் சொல்லாம இருக்கறது நீங்க செய்யற பெரிய சிகிச்சை, பாட்டிக்கும் அத்தைக்கும் சேர்த்து நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.

பிள்ளைங்களோட வாழ்க்கைத் தரத்தை அளக்க பெட்ஸ்கியூஎல்னு ஒரு கேள்வித்தாள் உலகம் முழுக்கப் பயன்படுத்தறாங்க. உடம்பு, மனசு, சிநேகிதம், ஸ்கூல்னு நாலு பக்கமா கேட்கும். அதுல பிள்ளை தனியா நிரப்பறது ஒண்ணு, பெற்றோர் நிரப்பறது ஒண்ணு. நாள்பட்ட நோய் இருக்கற பிள்ளைங்ககிட்ட இந்த ரெண்டும் பல தடவை ஒத்துப்போறதில்ல. அதனால நீங்க எழுதின பட்டியல்ல இருக்கற எரிச்சல், கதவு சாத்தறது, மார்க் எல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியறது. அவ பட்டியல் என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியல.

எதெல்லாம் இன்னும் தீர்மானமாகலைன்னும் சொல்லிடறேன். ஆன்டி டி.பி.ஓ.ன்னு சொல்ற, தைராய்டுக்கு எதிரா உடம்பே உண்டாக்கற ஆன்டிபாடி அதிகமா இருந்தா அதுவே மனச்சோர்வை உண்டாக்குதான்னு பெரியவங்ககிட்ட நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, சிலதுல தொடர்பு இருக்கு, சிலதுல இல்ல, பிள்ளைங்ககிட்ட ஆதாரம் இன்னும் குறைவு. அந்த நம்பரைக் குறைக்கறேன்னு செலீனியம், கோதுமை இல்லாத டயட்டுன்னு விக்கறவங்க பேச்சைக் கேட்டு பிள்ளை சாப்பாட்ல கை வைக்காதீங்க. கோதுமைய நிறுத்த வேண்டியது சீலியாக் நோய் (கோதுமைல இருக்கற குளூட்டன் குடலுக்கு ஒத்துக்காத நோய்) டெஸ்ட்ல உறுதியானவங்களுக்கு மட்டும்தான். டி.எஸ்.எச். 5லேர்ந்து 10க்குள்ள இருந்து டி4 நார்மலா இருக்கற லேசான குறைபாடு பல பிள்ளைங்களுக்குத் தானாவே சரியாகும், அதுக்கு மாத்திரை குடுத்ததால படிப்போ மனநிலையோ தெளிவா முன்னேறினதா ஆதாரம் இல்ல. அப்புறம், நோயாளின்னு ஒரு பேர் ஒட்டினதால வர்ற மனபாரம் எவ்வளவு, ஹார்மோனால வர்றது எவ்வளவுன்னு ஒரு தனிப் பிள்ளையில பிரிச்சுச் சொல்ற டெஸ்ட் எதுவும் கிடையாது. என் அனுபவத்துல, அளவு சரியாகி ஆறு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா மிச்சம் இருக்கற துக்கத்துக்கு ஹார்மோனைத் தேடிட்டு இருக்கறதைவிட பிள்ளையோட வாழ்க்கையைப் பார்க்கறதுதான் பலன் தருது.

இதே கேள்வி பதில் பக்கத்துல இன்னொருத்தர் பையனுக்கு தைராய்டு அதிகம்னு எழுதியிருந்தார், அவருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. கிரேவ்ஸ் நோய்ல (எதிர்ப்பு சக்தி சுரப்பியைத் தூண்டிவிட்டு ஹார்மோன் அதிகமா சுரக்கறது) மனசு பாதிக்கறது இதைவிட நேரடியானது, வேகமானது. தூக்கம் போயிடும், அழுகையும் கோபமும் மாறி மாறி வரும், கை நடுங்கி கையெழுத்து கோணலாகும், நல்லா சாப்பிட்டும் எடை இறங்கும், ஸ்கூல்ல ஏ.டி.எச்.டி.ன்னு (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற கோளாறு) சொல்லி அனுப்புவாங்க. அமெரிக்க ராணுவக் குடும்பங்களோட மருத்துவப் பதிவுகளை வச்சு 2019ல வந்த ஆய்வுல, தைராய்டு அதிகமா இருந்த பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைங்களுக்கு பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் எல்லாமே மத்த பிள்ளைங்களைவிட அதிகமா இருந்தது, பல பேருக்கு மனநல நோய்னு முதல்ல பேர் வச்சு அப்புறம்தான் தைராய்டைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால திடீர்னு குணம் மாறின பிள்ளைக்கு நாடித்துடிப்பை எண்ணிப் பார்த்து ஒரு தைராய்டு டெஸ்ட் எடுக்கறது வீண் செலவே கிடையாது. தைராய்டைக் குறைக்கற கார்பிமசோல் மாத்திரை போடற பிள்ளைக்கு காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தா மாத்திரைய நிறுத்திட்டு அன்னிக்கே ரத்த வெள்ளை அணுக்களைப் பாருங்க, அபூர்வமா அது அபாயகரமா குறையும். ரத்த அளவு சரியாகி சில மாசம் கழிச்சுதான் மனசு அடங்கும், அதுவரைக்கும் ஸ்கூல்ல பேசி பரீட்சைக்கு கொஞ்சம் கூடுதல் நேரம் கேளுங்க.

மறுபடி உங்க பொண்ணு. மனநல டாக்டர்கிட்ட போகணுமான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் சோகமா இருக்கறது, பிடிச்ச விஷயத்துலயே ஆர்வம் இல்லாதது, தூக்கமோ சாப்பாடோ மாறிப்போறது, ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிக்கறது, இதுல ஏதாவது இருந்தா போகலாம், தைராய்டு டாக்டரோட அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நான் இருந்து என்ன பிரயோஜனம்னு ஒரு வார்த்தை சொன்னாலோ, கையைக் கீறிக்கிட்ட தடம் பார்த்தாலோ அன்னிக்கே போங்க, மிரட்டாம திட்டாம கூட இருங்க, வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும், அந்த நூறு மாத்திரை இருக்கற தைராய்டு டப்பாவையும் சேர்த்து, பூட்டி வைங்க. ராத்திரி நேரத்துல யார்கிட்ட பேசறதுன்னு தெரியலன்னா 14416, அரசோட டெலி மானஸ் நம்பர், இலவசம், தமிழ்லயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் மாவட்ட மனநலத் திட்டத்திலயும் டாக்டரைப் பார்க்கலாம். பெரும்பாலும் இந்த வயசுக்கு மனசு விட்டுப் பேசற ஆலோசனை சிகிச்சைதான் முதல்ல. மாத்திரை தேவைப்பட்டாலும் தைராய்டு மாத்திரையோட சேர்த்துப் போடலாம், ரெண்டு டாக்டர்கிட்டயும் இன்னொருத்தர் என்ன எழுதினார்னு காட்டுங்க போதும், செர்ட்ராலின்ங்கற மனச்சோர்வு மாத்திரை மாதிரி சிலது தைராய்டு மாத்திரையோட தேவையைக் கொஞ்சம் கூட்டலாம்.

இது வாழ்நாள் பூரா மாத்திரையான்னும் கடைசியில கேட்டிருந்தீங்க. பல பேருக்கு ஆமாம், ஆனா ஹாஷிமோட்டோ உள்ள பிள்ளைங்கள்ல ஒரு பங்குக்கு சுரப்பி மறுபடி சரியா வேலை செய்யறதும் உண்டு, வளர்த்தி முடிஞ்சப்புறம் டாக்டர் மேற்பார்வையில டோஸைக் குறைச்சுப் பார்க்கறது வழக்கம், நீங்களா நிறுத்திப் பார்க்காதீங்க. அடுத்த விசிட்டுக்குப் போறப்ப உசரம் எடை குறிச்ச பழைய தாள் எல்லாம் எடுத்துட்டுப் போங்க, பீரியட்ஸ் தேதியும் எழுதிட்டுப் போங்க, ஃப்ரீ டி4ம் ஹீமோகுளோபினும் கேளுங்க, உள்ள நுழைஞ்சதும் டாக்டர்கிட்ட இவ உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் தனியா பேசட்டும்னு நீங்களே சொல்லிட்டு எழுந்து வெளிய வாங்க. வெளிய வந்ததும் டாக்டர் என்ன கேட்டாருன்னு அவகிட்ட அன்னிக்குக் கேட்காதீங்க.